எங்கள் வீட்டு மயக்கம்

"அப்பாவுக்கு மயக்கம்டி. சீக்கிரம் வா" என்று அம்மா போனில் சொன்னபோது, நான் கண்ணாடிக் கடையில் ஒரு ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பதற்றம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா சோபா தைப்பவர். குடித்துவிட்டுப் பட்டறையிலேயே விழுந்து கிடக்கும் நாட்களில், தேடி வருகிறவர்களிடம் அம்மா, "அவருக்கு மயக்கம், நாளைக்கு வாங்க" என்பாள். குடி, போதை என்ற சொற்கள் அவள் வாயில் வந்ததே இல்லை. மூன்றாம் வகுப்பில் டீச்சர் மயங்கி விழுந்தபோது, "டீச்சருமா?" என்று நான் கேட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை.

அப்பா குடியை விட்டு ஐந்து வருஷமாகிறது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். வேண்டுமென்றே நிதானமாக வேலையை முடித்தேன். லென்ஸைத் துடைத்தேன். இன்னொரு முறை துடைத்தேன். கிளம்பவே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

பட்டறையில், பாதி தைத்த மெத்தைக்குப் பக்கத்தில் அப்பா கிடந்தார். தலை அம்மாவின் மடியில்.

"எங்க போய் வாங்கினாராம்?"

அம்மா நிமிர்ந்தாள். "இது நெஜ மயக்கம்டி. பக்கத்து வீட்டுல கூப்பிட்டேன். வழக்கமா வர்றதுதானேன்னு உள்ள போயிட்டாங்க." வேறு சொல் அவளிடம் இல்லை.

குனிந்து அப்பாவின் வாயருகே முகர்ந்தேன். பசை வாடை, வியர்வை, அவ்வளவுதான். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு ரொம்பக் குறைந்திருக்கிறது என்று ஊசி போட்டார்கள். சாயங்காலம் அப்பா கண் திறந்தார். "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"இருந்துச்சு சார். மொடாக்குடி. அஞ்சு வருஷமா தொடல" என்று அப்பாவே சொன்னார்.

"மொடா வேற! மெதுவா சொன்னா ஆகாதா, வார்டே கேக்குது" என்று முணுமுணுத்த அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

டாக்டர் நகர்ந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயும் அப்படித்தான் நெனச்சியாம்மா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாப்பா. அதான் லேட்டா வந்தேன்."

"நெனைக்காம எப்படி இருப்ப?" என்றார். பிறகு ஊசி குத்திய கையை அசைக்காமல், உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிச் சுவரோரம் நகர்ந்தார். கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.