ஒன்றரை மைல் வடக்கே

1964ஆம் ஆண்டு நவம்பர் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை காலையில், லின்குவே தீவு முந்தைய நாள் இருந்த இடத்தை விட்டு ஒன்றரை மைல் வடக்கே தள்ளி இருந்தது. தீவோடு சேர்ந்து அதன் முப்பத்தொரு வீடுகளும், மரத்தாலான மாதா கோயிலும், ஆப்பிள் தோட்டங்களும், இருநூறு சொச்சம் ஆடுகளும் நகர்ந்திருந்தன. அலமாரியிலிருந்து ஒரு கோப்பைகூட விழவில்லை. எதிர்க்கரையில் இருந்த கில்மோ ஊர்க்காரர்கள் அதைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். நான்கு வருடம் முன்பு வந்த பெரிய பூகம்பத்தில், சிலி நாட்டின் அந்தத் தென்பகுதியில் கடற்கரையே ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருந்தது. தரை அசையக்கூடியதுதான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்று சந்தையில் உருளைக்கிழங்கு விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தீவு ஏன் நகர்ந்தது என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவன் பெயர் எலிசெயோ பார்ரியா. வயது இருபத்திரண்டு. கில்மோ கடற்பள்ளியின் கடைசி வருட மாணவன்.

அந்தப் பள்ளி ஒரு பழைய மீன் டப்பா ஆலைக்குள் நடந்தது. மொத்தம் பதினான்கு மாணவர்கள். கப்பல் ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் அங்கே கற்றுத்தரவில்லை. எழுத்துப்பிழை இருந்தால்கூடக் கண்டுகொள்ள மாட்டார்கள், முடிச்சு தளர்ந்திருந்தால் வெளியே நிற்க வைப்பார்கள். வருடத்தில் எட்டு மாதம் மழை. சூரியனே தெரியாத நாட்களில், தண்ணீர்த் தொட்டியின் மேல் மஞ்சள் வர்ணம் அடித்த தகரத் தட்டு ஒன்றை ஏற்றி வைத்து, அதைச் சூரியனாக வைத்து அளந்து பழகுவார்கள். பள்ளித் தலைவர் கேப்டன் தெயோபால்தோ விடால் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். கடைசித் தேர்வாக ஒவ்வொரு மாணவனும் விரிகுடாவில் உள்ள ஒரு பொருளைத் தன் கையால் அளந்து, காகிதத்தில் அதன் இடத்தைக் குறிக்க வேண்டும். ஒருவனுக்குப் பாறை வரும், ஒருவனுக்கு மிதவை வரும். எலிசெயோவுக்கு லின்குவே வந்தது. தோழர்கள் சீட்டுக் குலுக்கலில் ஏதோ செய்துவிட்டார்கள் என்று பேச்சு, ஏனென்றால் அவன் கட்டிக்கொள்ளப் போகிற எர்லிந்தா ஓயார்சோ அந்தத் தீவில்தான் இருந்தாள்.

"அளக்கச் சொன்னா தீவை அளடா, அவ வீட்டு ஜன்னலை அளக்காத" என்று கூரையில் ஏறும்போதே கேலி செய்தார்கள்.

அவன் பள்ளிக் கூரையிலிருந்தும் கில்மோ மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்தும் திசையளவு எடுத்தான். காந்தமுள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. கில்மோவில் அந்த வித்தியாசம் பதினாறு பாகை, அதைக் கூட்ட வேண்டும். முதல் மாதத்திலேயே சொல்லித்தருவது; தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். மணிக்கூண்டின் மேலிருந்து பார்த்தபோது எர்லிந்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது தொலைநோக்கியில் தெரிந்தது. கீழே இறங்கி வந்து கணக்குப் போட்ட எலிசெயோ, பதினாறைக் கூட்டாமல் கழித்துவிட்டான். இரண்டு கோடுகளும் ஒன்றரை மைல் வடக்கே போய்ச் சந்தித்தன. அந்த இடத்தில் தீவை அழகாக வரைந்து, பெயர் எழுதி, காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் காலை கேப்டன் தெயோபால்தோ வழக்கம்போலக் காகிதங்களோடு ஜன்னலருகே நின்று, ஒவ்வொன்றையும் கடலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். லின்குவே இம்மி பிசகாமல் காகிதத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. நூற்றுக்கு நூறு போட்டார். அந்தப் பள்ளியில் அதற்கு முன் யாரும் அந்த மதிப்பெண் வாங்கியதில்லை. முதல் மதிப்பெண் வாங்குகிறவனுக்கு ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி வேலை என்று முன்பே பேச்சாகியிருந்தது. ஒரே ஒரு வேலைதான்.

காகிதங்களை ஏழு நாள் கூடத்தில் ஒட்டிவைப்பது பள்ளியின் வழக்கம். ஊரார் வந்து பார்ப்பார்கள், பிறகுதான் சான்றிதழில் முத்திரை. மூன்றாம் நாள் கேப்டன் எலிசெயோவின் கணக்குத்தாளைத் தற்செயலாகப் புரட்டினார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"கழிச்சிருக்கியே."

"ஆமா கேப்டன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"காலைல தீவைப் பார்த்ததும்."

"உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. முதல்ல கணக்கைப் பாரு, அப்புறம் கடலைப் பாருன்னு வருஷக்கணக்கா சொல்றேன், நானே கணக்கைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கோடு போட்ட கைதான் அழிக்கணும். நான் அழிச்சா ஒண்ணும் ஆகாது. நீ எப்ப வேணாலும் திருத்தலாம், பத்து வருஷம் கழிச்சுக்கூட. ஆனா திருத்தின அன்னிக்கு நீ ஃபெயில். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துட்டு ஒரு வருஷம் மறுபடி படிக்கணும். கப்பல் வேலை அடுத்தவனுக்குப் போயிடும்."

இதற்குள் தீவுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வீடு மாற்றுவது என்றால் வீட்டையே மாற்றுவது; அடியில் உருளைக்கட்டை கொடுத்து, மாடு பூட்டி, ஊரே சேர்ந்து இழுக்கும், குறுக்கே கடல் வந்தால் மிதக்கவிட்டுப் படகில் கட்டி இழுக்கும். இழுக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டால் போதும். எனவே நான்காம் நாள் நாற்பத்தாறு படகுகள் லின்குவேயைச் சுற்றி நின்றன. பாறைகளில் கயிறு கட்டினார்கள். எர்லிந்தாவின் அப்பா வென்செஸ்லாவோ முன்படகில் நின்று குரல் கொடுத்தார். எலிசெயோவும் ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவனுடைய உள்ளங்கை தோல் உரிந்தது. தீவு ஓர் அடிகூட நகரவில்லை.

"நல்லா இழு மாப்ள, கப்பல் வேலை கிடைச்சதும் தெம்பு போயிடுச்சா?" என்றார் வென்செஸ்லாவோ. எல்லோரும் சிரித்தார்கள். இழுத்தவர்களுக்குச் சுட்ட மட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் பரிமாறினார்கள், யாரும் குறை சொல்லவில்லை.

அன்று மாலை படகுத்துறையில் எலிசெயோ எர்லிந்தாவிடம் உண்மையைச் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள்.

"என்னைப் பார்த்துட்டா கணக்குப் போட்ட?"

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

"சரி, ஒரு பென்சில் கோடுதான? போய் அழிச்சுட்டு வா."

"அழிச்சா ஒரு வருஷம் போயிடும், எர்லிந்தா. கப்பல் எனக்காக நிக்காது."

அவள் வடக்குப் பக்கம் பார்த்தாள். பழைய இடத்தில் தீவுக்கு முன்னால் ஒரு மலைமுனை நின்று காற்றை மறித்துக்கொண்டிருந்தது. இப்போது முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் மழையும் புயலும் வருவது அந்தத் திசையிலிருந்துதான்.

"ஜூன் மாசம் மட்டும் நிக்குமா?" என்றாள்.

"ஒரே ஒரு பயணம். ஒன்பது மாசம். வந்ததும் திருத்திடறேன். அதுக்குள்ள கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

"தீவை எப்படிப்பா ஜாக்கிரதையா வச்சுக்கறது?"

ஏழாம் நாள் முத்திரை விழுந்தது. எட்டாம் நாள் அவன் கப்பலேறினான்.

கில்மோவுக்கும் லின்குவேக்கும் முன்பு விசைப்படகில் இருபத்தைந்து நிமிடம். தூரம் அப்படியொன்றும் கூடவில்லை என்றாலும், இப்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போக வேண்டியிருந்ததால் ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, அந்தக் கூடுதல் இருபத்தைந்து நிமிடத்துக்குள் வடக்குக் காற்று எழுந்து வென்செஸ்லாவோவின் படகைக் கவிழ்த்தது. உடல் மூன்றாம் நாள் கரை சேர்ந்தது. எர்லிந்தாவின் கடிதம் எலிசெயோவுக்குப் பெரு நாட்டின் கய்யாவோ துறைமுகத்தில் கிடைத்தது. இரண்டே வரி. அப்பா போய்விட்டார் என்பது ஒரு வரி. ஆப்பிள் மரங்கள் உப்புக் காற்றில் கருகிவிட்டன என்பது மற்றொன்று. குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் நான்கு பக்கம் பதில் எழுதினான், அடுத்த முறை கரைக்கு வரும்போது கட்டாயம் திருத்துவதாக. அந்த அடுத்த முறை வந்தபோது இரண்டாம் அதிகாரி பதவி வந்தது. இரண்டாம் அதிகாரிக்குச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. பிறகு முதல் அதிகாரி. ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரே ஒரு பயணம்தான் என்று அவன் உண்மையாகவே நம்பினான். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. எர்லிந்தாவின் கடிதங்கள் வருடத்துக்கு மூன்று, பிறகு ஒன்று, பிறகு நின்றன. ஏழு வருடம் போயிற்று.

1971 டிசம்பரில், ஒரு கப்பலுக்குக் கேப்டனாக அவனைத் தேர்ந்தெடுத்த ஆணை வந்த அதே வாரம், எலிசெயோ கில்மோவில் இறங்கினான். காரணம் கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. நேரே பள்ளிக்குப் போய்ச் சான்றிதழை மேசைமேல் வைத்தான். மிகவும் தளர்ந்திருந்த கேப்டன் தெயோபால்தோ பழைய காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "அங்கே போய்ச் சொல்லிட்டு வந்து அழி. ஆடு மேய்க்கறவன் யாராவது பாறை விளிம்புல நின்னுக்கிட்டிருக்கப் போறான்" என்று மட்டும் சொன்னார்.

விசைப்படகு ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. எர்லிந்தா வீட்டு வாசலில் மட்டி உரித்துக்கொண்டிருந்தாள். வீடு முன்பு இருந்த இடத்தில் இல்லை, காற்று படாத தெற்குச் சரிவுக்கு அதை இழுத்துப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு குழந்தை அழுதது. ஓர் ஆண் குரல் அதைச் சமாதானப்படுத்தியது.

"வந்துட்டியா" என்றாள்.

"திருத்த வந்திருக்கேன். சான்றிதழைக் கொடுத்துட்டேன். நாளைக்குக் காலைல தீவு பழைய இடத்துல இருக்கும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "முப்பத்தொரு வீட்டையும் திருப்பிக் கட்டியிருக்கோம் எலிசெயோ. கருகின மரத்தைப் பிடுங்கிட்டுக் காத்தைத் தாங்கற மரமா நட்டிருக்கோம். இந்த நீரோட்டத்துல மட்டி கொழுத்து வளருது, பாரு. என் பொண்ணுக்கு அந்தப் பழைய இடமே தெரியாது. இப்போ நீ வந்து கூட்டினா, நாங்க மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"உங்க அப்பா..."

"அவரைப் புதைச்ச இடம் இந்தச் சரிவு. வடக்கே பார்த்துப் படுத்திருக்கார். அவரையும் திருப்பிப் போடப் போறியா?" அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு அழிச்சிருந்தா ஒரு கோடு. இன்னிக்கு அது எங்க ஊரு. விட்டுடு."

அவள் ஒரு தட்டு நிறைய மட்டி கொடுத்தாள், அவன் நின்றபடியே சாப்பிட்டான். அவளுடைய கணவன் வெளியே வந்து, கடைசிப் படகு போய்விடும் என்று நினைவுபடுத்தினான். பேச்சில் பகை எதுவும் இல்லை. அவன் எதையும் அழிக்காமல் பள்ளிக்குத் திரும்பியபோது, கேப்டன் தெயோபால்தோ அன்றே சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். எலிசெயோ அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன்பின் இருபத்தாறு வருடம் கேப்டன் எலிசெயோ அந்தக் கடற்கரையில் சரக்குக் கப்பல் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடல்வரைபடங்களில் லின்குவே பெயருக்குப் பக்கத்தில் 'இடம் ஐயத்துக்குரியது' என்று வெகுகாலம் அச்சிட்டு வந்தார்கள். அளப்பதற்கென்று ஒரு கப்பல் வந்து மூன்று வாரம் அளந்துவிட்டுப் போன பிறகு, அடுத்த பதிப்பில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்பை விரித்து வைத்துக்கொண்டு முதல்முறையாக விரிகுடாவைக் கடந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அதிகாரி ஒருத்தி கேட்டாள்.

"இந்தத் தீவு முன்னாடி வேற இடத்துல இருந்துச்சாமே, கேப்டன்?"

"வரைபடத்துல எங்க போட்டிருக்கு?"

"இங்கதான்."

"அப்போ இங்கதான்."

பிறகு எஞ்சின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். தீவைத் தாண்டும்வரை கப்பல் அலை கிளப்பாமல் மெல்லப் போயிற்று, கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவில்லை.