கிளட்ச் மிதிக்க ஓர் ஆள்

இரண்டு லாரிகளையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டது முட்டாள்தனம் என்று லின்ட்சே நோஸ்கிக்குத் தெரியாமல் இல்லை. தம்பி கிளெம் வீட்டில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. கொட்டகை வாசலில் மாவுக் கையோடு வந்து நின்று, "முதல்ல ஒண்ணை முடி, அப்புறம் இன்னொண்ணுல கை வை" என்று சத்தம் போட்டிருப்பார். லின்ட்சே முணுமுணுத்துக்கொண்டே ஸ்பானரைக் கீழே வைத்திருப்பார்.

ஒரரூ ஊரிலிருந்து வடக்கே போகும் மண்சாலையில், அப்பா விட்டுப்போன ஆட்டுப் பண்ணையில் அண்ணன் தம்பி இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலேயே காலத்தை ஓட்டியவர்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை; வேலை தானாகப் பிரிந்துகொண்டது. லாரியும் வேலியும் ஆடும் லின்ட்சேயுடையவை. அடுப்பு, ரொட்டி, துணி, தண்ணீர்த் தொட்டிகள், பம்பு எல்லாம் கிளெமுடையவை. லின்ட்சே கிரீஸ் அப்பிய கையோடு உள்ளே வந்தால் வெந்நீர் இருக்கும். குளிர்காலத்தில் படுக்கப் போனால் போர்வைக்குள் வெந்நீர்ப் பை இருக்கும். அதை வைத்தது யார் என்று அவர் யோசித்ததில்லை.

போன வசந்தத்தில் ஒரு பழைய லாரிக் கண்காட்சிக்கு இருவரும் போனார்கள். லின்ட்சே இன்ஜின்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கிளெம் தேநீர் வரிசையில் நின்று மெரில் என்கிற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். மெரில் கணவனை இழந்தவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸ் முடிவதற்குள் அறுபத்திரண்டு வயது கிளெம் மாப்பிள்ளையாகி, கடற்கரைப் பக்கம் போர்ட் பிரியில் மெரிலின் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்.

வாரத்துக்கு ஒருமுறை போன் வரும்.

"எப்படி இருக்க, லின்?"

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்."

"ஒழுங்கா சாப்பிடுறியா?"

"நீ சுட்ட கல்லு ரொட்டியிலருந்து தப்பிச்சதுல ஒரு சுத்து பெருத்துட்டேன்."

உண்மையில் அவர் கொட்டகையில் நின்றபடியே, டின்னைத் திறந்து, சூடாக்காத பீன்ஸைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. அடுப்பை மூட்டினால் லாரி வேலை நின்றது. லாரியடியில் படுத்தால் அடுப்பு அணைந்தது. இரண்டையும் பார்த்தால் வேலியில் எங்கோ கம்பி அறுந்து ஆடுகள் சாலைக்குப் போயின. முன்பெல்லாம் ஒரு நாளில் அடங்கிய வேலை இப்போது எப்படி அடங்க மறுக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. கொட்டகையில் மட்டும்தான் எதற்கு எது பொருந்தும் என்று தெரிந்தது. அதனால்தான் வேலை லாரியின் கியர் பெட்டி லேசாகச் சத்தம் போட்டதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்துத் தரையில் பரப்பினார். பக்கத்திலேயே, இன்ஜின் முன்னால் மூக்குப் போல நீண்ட அந்த இன்னொரு பழைய லாரி நின்றது. ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்து, பல வருடங்களாக ஆணி ஆணியாகப் புதுப்பித்துக்கொண்டிருப்பது. இன்ஜின் ஓடும். மற்றதெல்லாம் பாதியில்.

குளிர் தொடங்கும் மே மாதம் வந்தும் மழை வரவில்லை. ஆழ்துளைக் கிணற்றின் பம்பு ஒரு காலையில் உறுமிவிட்டு நின்றது. பம்புக்காரர் வந்து பார்த்தார்.

"மோட்டார் போயிடுச்சு, லின்ட்சே. புதுசு வர ரெண்டு வாரமாவது ஆகும்."

"ஆடெல்லாம் சினையா இருக்குய்யா. ரெண்டு வாரம் எதைக் குடிக்கும்?"

"ஊர்க் குழாய்ல பிடிச்சுட்டு வாங்க. உங்ககிட்ட இல்லாத லாரியா?"

லின்ட்சே கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இருந்தது ஒரு சிறிய பிக்கப் வண்டிதான். அதில் ஒரு குட்டித் தொட்டியை ஏற்றி நாள் முழுக்க ஊருக்கும் பண்ணைக்கும் ஓடினார். கொண்டுவந்து ஊற்றுவதற்குள் ஆடுகள் தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தன. வயிறு பெருத்த ஆடுகள் வேலியோரம் நின்று அவரையே பார்த்தன. பெரிய லாரி ஒன்று ஓடினால்தான் பிழைப்பு. வேலை லாரியை மறுபடி பூட்டத் தேவையான சாமான் இன்னும் வரவில்லை. மூக்கு லாரிக்கோ கிளட்ச்சின் எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது ஒன்றுதான் அவசரமாகப் பாக்கி.

அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறந்து, காற்றும் எண்ணெயும் குமிழியிட்டு வந்ததும் மூட வேண்டும். பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். இப்படியே திரும்பத் திரும்ப. பக்கத்து நிலங்களையெல்லாம் ஒரு பெரிய கம்பெனி வாங்கி, வேலைக்காரர்களை விதைப்புக்கும் அறுப்புக்கும் மட்டும் அனுப்பியது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மிதி மிதிக்க ஒரு கால் இல்லை.

தம்பியைக் கூப்பிடலாம்தான். ஆனால் ராஜா மாதிரி இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்.

வேலிக் கம்பு ஒன்றை வெட்டி, மிதிக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார். இறங்கினார், கீழே ஊர்ந்து நட்டைத் திறந்தார், மூடினார், வெளியே வந்து மேலே ஏறிக் கம்பை எடுத்தார், மறுபடி வைத்தார். அறுபத்தாறு வயது முட்டி ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரு வசவு வாங்கியது. மதியத்துக்கு மேல் போதும் என்று தோன்றியது. போதாது என்று உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் தொட்டியடியில் ஆடுகள் கத்துவது காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

கைபிரேக் இன்னும் மாட்டவில்லை. அதனால் லாரியை முதல் கியரில்தான் நிறுத்தி வைத்திருந்தார். கிளட்ச்சை அடிவரை மிதித்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். மிதி கீழே போனது, கிளட்ச் இன்ஜினை விடவில்லை. இன்ஜின் பிடித்த வேகத்தில் லாரி முன்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதித்தார், காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக், இன்னும் காற்று ஏறாததால் ஒன்றுமே செய்யவில்லை. நிறுத்தும் குமிழைத் தேடி இழுப்பதற்குள் லாரி கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, வீட்டு மூலையிலிருந்த மழைநீர்த் தொட்டியில் மோதி நின்றது.

தகரம் கிழியும் சத்தத்தை விட அடுத்து வந்த தண்ணீர்ச் சத்தம்தான் மோசமாக இருந்தது. வீட்டுக்குக் குடிக்க, சமைக்க இருந்த தண்ணீர் மொத்தமும் கிழிசல் வழியே கொட்டி, முற்றத்துப் புழுதியில் பரவி, சமையலறை வாசல்படியை நனைத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்குள் போனது. லின்ட்சே இறங்கிச் சேற்றில் நின்றார். நெற்றியில் சிறு வெட்டு, அவ்வளவுதான். யாராவது ஓடிவந்து என்ன ஆச்சு என்று திட்டுவார்கள் என்பதுபோல் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

"கிளெம்."

"என்ன லின், இன்னைக்கு நம்ம போன் நாள் இல்லையே?"

"நாளைக்கு ஒரு நாள் வர முடியுமா?"

"யாராவது செத்துட்டாங்களா?"

"மழைத் தொட்டி போச்சு."

"எப்படிப் போச்சு?"

"லாரி இடிச்சிடுச்சு."

"எந்த லாரிக்காரன் நம்ம வீட்டு மூலைக்கு வந்து இடிச்சான்?"

"நான்தான்டா. எல்லாத்தையும் போன்லயே கேட்டு முடிச்சிடுவியா? வர முடியுமா முடியாதா?"

மறுநாள் வெயில் ஏறுமுன் மெரில் ஓட்டிய கார் வந்தது. பின்னால் இழுத்துவந்த டிரெய்லரில் தண்ணீர்ப் பீப்பாய்கள் இருந்தன. கிளெம் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். வாசலில் நின்று கிழிந்த தொட்டியையும் லாரியின் நசுங்காத மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லாரிக்கு ஒண்ணும் ஆகலையே. அந்த மட்டுக்கும் உனக்கு நிம்மதிதான்."

"கால்ல என்ன உனக்கு?"

"முட்டி. ஆபரேஷனுக்கு வரிசையில நிக்கிறேன்."

"சொல்லவே இல்லையே நீ?"

"நீ சொன்னியா?" என்றார் கிளெம்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. அப்போது மெரில் கோட்டைக் கழற்றிக் கார்க் கதவில் போட்டுவிட்டு, லாரியின் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார்.

"கீழே போய்ப் படுங்க, லின்ட்சே. ஆடு காத்திருக்கு."

"இது பஸ் இல்லைங்க. மிதி கனமா இருக்கும்."

"பின்சீட்டுல அடிச்சுக்கிற நாப்பது பசங்களோட மலைப்பாதையில ஓட்டியிருக்கேன். உங்க மிதி என்ன செஞ்சிடும்? படுங்க."

லின்ட்சே படுத்தார். "மிதிங்க!" என்றார். "மிதிச்சாச்சு!" என்று மேலிருந்து குரல் வந்தது. நட்டைத் திறந்தார், மூடினார். "விடுங்க!" "விட்டாச்சு!" ஒரு நாள் முழுக்க அவரை இழுத்தடித்த வேலை, ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்துவிட்டது. எண்ணெய் குமிழியில்லாமல் வந்ததும் அவர் எழப் போனார்.

"இருங்க, இன்னும் காத்து இருக்கு," என்றார் மெரில். "மிதி அடியில பஞ்சு மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு தடவை."

அவர் சொன்னது சரிதான். லாரியடியில் மல்லாந்து கிடந்த லின்ட்சே, பல மாதங்களுக்குப் பிறகு, கூப்பிட்டதும் பதில் வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெண்மணியை வெறுக்க வேண்டும் என்று அவர் நினைத்து வைத்திருந்தார். அதற்கு இன்று நேரம் இல்லை.

மதியத்துக்குள் கைபிரேக்கையும் மாட்டி, பெரிய தொட்டியை ஏற்றி, ஊர்க் குழாயில் நிரப்பி முதல் நடை தண்ணீர் வந்துவிட்டது. ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குடித்தன. உள்ளே கிளெம் நொண்டிக்கொண்டே அடுப்பை மூட்டி, பாத்திரங்களைத் தேய்த்து, ஆட்டுக்கறியை வேகவைத்து, ரொட்டி சுட்டிருந்தார். வீட்டுக்கு மறுபடி வீட்டு வாசனை வந்திருந்தது. மூவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லின்ட்சே மூன்றாம் தடவையாகத் தட்டை நீட்டியபோது கிளெம் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தார்.

மெரில்தான் பேச்சை எடுத்தார். "எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, லின்ட்சே. கடல் தெரியும்."

"கடல்ல ஆடு மேய்க்க முடியுமா?"

"ஆட்டை வித்துடுங்க."

"லாரி?"

"அதை நிறுத்த எங்க தெருவே பத்தாது," என்று மெரில் சிரித்துவிட்டார். லின்ட்சேயும் சிரித்தார். பேச்சு அங்கேயே நின்றுபோனது.

கிளெம் கரண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு அடுப்போரம் கிடந்த தன் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். இடது கை வைக்கும் இடத்தில் தோல் தேய்ந்து வெளுத்த நாற்காலி. "லின், அங்க இருக்கிற நாற்காலி எல்லாம் என் முட்டிக்கு ஒத்துக்கல. தாழ்வா இருக்கு. உட்கார்ந்தா எழ முடியல."

"எடுத்துட்டுப் போடா. அது உன்னோடதுதானே."

"உனக்கு வேணும்னா…"

"எனக்கெதுக்கு? நான் எங்க உட்காருறேன்?"

லின்ட்சேயே அதைத் தூக்கிக்கொண்டு போய், பீப்பாய்கள் இறங்கிய டிரெய்லரில் ஏற்றினார். மேலே தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இறுக்கி, ஆட்டிப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டார். இருட்டி, சாலையில் கங்காருக்கள் இறங்கும் நேரத்துக்கு முன் அவர்கள் போய்ச் சேர வேண்டும். கிளெம் காரில் ஏறுவதற்கு முன் அண்ணன் தோளில் கையை வைத்தார். இத்தனை வருடத்தில் செய்யாத காரியம் அது. இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

"சூடு பண்ணித் தின்னு," என்றார் கிளெம். "டின்னுங்க கொட்டகையில கிடந்ததைப் பார்த்தேன்."

"போடா, நேரமாகுது."

இரண்டாம் நடைக்காக லின்ட்சே லாரியை எடுத்து, அவர்கள் காருக்குப் பின்னாலேயே ஊர் வரை போனார். முன்னால் தார்ப்பாய்க்குள் நாற்காலியின் முதுகு புடைத்துத் தெரிந்தது. சாலை பிரியும் இடத்தில் கார் மேற்கே திரும்பியது. மெரில் ஹாரன் அடித்தார். லின்ட்சேயும் அடித்தார். அந்த ஹாரனை அவர் தன் கையாலேயே பழுது பார்த்திருந்தார். அது இவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழாயடியில் தொட்டி நிரம்ப நேரம் எடுத்தது. வேறு யாரும் வரவில்லை. லாரி நன்றாக ஓடியது. கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. எத்தனையோ வருடக் கனவு, முதல் நாள் ஓட்டம். அதைச் சொல்ல அவர் திறந்து கிடந்த லாரிக் கதவு வழியே பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் வழிந்து சட்டை நனைந்த பிறகுதான் குழாயை மூடினார்.

பண்ணைக்குத் திரும்பித் தண்ணீரை விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் வந்தார். அடுப்போரத் தரை விரிப்பில் நாற்காலிக் கால்களின் நான்கு பள்ளங்கள் இருந்தன. அவர் தன் நாற்காலியை அங்கே நகர்த்தவில்லை. மேசையிலேயே உட்கார்ந்து, மீதிக் கறியைச் சூடாக்கித் தின்றார். முன்பானால் எழுந்து கொட்டகைக்குப் போயிருப்பார். இன்று லாரிக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சமையலறை சூடு ஏறவேயில்லை. பக்கத்தில் கிளெமின் அறைக் கதவு, அவர் போன நாளிலிருந்து திறந்தபடியே கிடந்தது. குளிர்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. லின்ட்சே எழுந்து போய் வாசலில் நின்றார். வெறும் கட்டில், சுருட்டிய மெத்தை, கம்பியில் இரண்டு காலி ஹேங்கர்கள். மெத்தையை மட்டும் இழுத்து வந்து அடுப்புக்கு முன் விரித்தார். கதவைச் சாத்தினார். அடியில் இருந்த இடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் காலால் அழுத்தி அடைத்தார். அடுப்பில் பெரிய கட்டையாக ஒன்று போட்டுவிட்டு மெத்தையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் சமையலறை சூடேறத் தொடங்கியது.