பால்தானே

கவலைப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டாம், நேரம் இருந்தால் போதும் என்பார் என் கணவர் பத்ரி. கட்டிக்கொண்டவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அந்தப் புரட்டாசி சனிக்கிழமை காலையில் எனக்குக் காரணம் நிறைய இருந்தது, நேரந்தான் இல்லை.

முதலில் பிரான்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். இரண்டாயிரத்தில் பத்ரியை ஆராய்ச்சி வேலையாக ஒரு வருஷத்துக்குக் கிரெநோபிள் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போகலாம் என்றார்கள். நானும் அப்பா என்றே கூப்பிடுகிற என் மாமனார் உப்பிலி செங்கல்பட்டில் தனியாக இருந்தார். அவர் மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர் வாசலில் நின்றுகொண்டு, "வாயை மட்டும் கட்டிக்கோங்கோ. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் வாழ்நாளெல்லாம் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணியவர். பெருமாளுக்கு நைவேத்தியம் காட்டுவதற்கு முன்னால் ஒரு பருக்கையை நாக்கில் வைத்ததில்லை. பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் வாசனைகூடப் பிடித்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் சாளக்கிராமத்துக்குப் பண்ணுகிற சமையலிலும் அதே நியமந்தான். அப்படிப்பட்டவர் எங்களிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதைக் காப்பாற்றியே தீருவது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அங்கே போய் வாயைக் கட்டுவது லேசான காரியமா? தயிருக்குள் எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருந்தது. காய்கறி சூப் என்று எழுதியிருந்த டப்பாவில் கோழிச்சாறு. கீரை என்று ஆசையாக வாங்கிய பொட்டலத்தில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள். நான் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லேபிளையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாள் என்று கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். மற்றவர்கள் வெளிநாடு போனால் உடம்பு ஊதும், எனக்குப் பயத்திலேயே பாதி உடம்பு கரைந்தது.

ஊர் சுற்றப் போனால் இன்னும் மோசம். வெனிஸில் ஓட்டல் அறையில் திருட்டுத்தனமாக எலெக்ட்ரிக் குக்கர் வைத்தோம். அரிசி கொதிக்க ஆரம்பித்த நேரத்தில் அந்த மாடி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மேனேஜர் கதவைத் தட்டுகிறார். பத்ரி ஒன்றும் தெரியாதவர் மாதிரி அவரோடு சீதோஷ்ணம் பேசிக்கொண்டிருந்தார். நான் குளியல் தொட்டிக்குள் குக்கரை வைத்துத் திரையை இழுத்துவிட்டு, பாதி வெந்த சாதத்துக்குக் காவல் நின்றேன். வெளியே ஊரே தண்ணீரில் நிற்கிறது, படகு போகிறது, யாரோ பாடுகிறார்கள். எனக்கு அந்த ஊர் என்றால் இன்றைக்கும் அந்தத் தொட்டிதான் ஞாபகம் வருகிறது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது சீஸ். கிரெநோபிள் சந்தைக்கு மலையிலிருந்து ஒரு கிழவர் பெரிய சக்கரம் சக்கரமாகச் சீஸ் கொண்டுவருவார். கத்தி முனையில் ஒரு சீவல் எடுத்து நீட்டினார். பத்ரி என்னைப் பார்த்தார். "பால்தானே" என்றேன் நான். இதை மறுக்க முடியாது, சொன்னவள் நான்தான். வாயில் போட்டதும் முந்திரியை நெய்யில் வறுத்த மணம். அதற்குப் பிறகு பாரிஸ் ரயிலோ, ரோமாபுரி ரயிலோ, எங்கே போனாலும் ஒரு நீள ரொட்டி, ஒரு துண்டு சீஸ். அகராதி வேண்டாம், பயம் வேண்டாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மனுஷியைப்போல வேடிக்கை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவின் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டேள்?" என்பதுதான்.

"ரொட்டியும் சீஸும்ப்பா."

"சீஸ்னா?"

"பால்கட்டி மாதிரி."

"பால்னா தோஷமில்லை" என்பார். குரலில் நிம்மதி தெரியும். நாங்கள் திரும்புகிற சமயத்தில் அவராகவே கேட்டார். "வல்லி, அந்தப் பால்கட்டி ஒரு துண்டு கொண்டு வாம்மா. என் குழந்தைகளுக்கு ஒரு வருஷம் சோறு போட்டிருக்கு. புரட்டாசியில பெருமாளுக்குக் காட்டணும்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெழுகுச் சீலையில் சுற்றி இரண்டு துண்டு வாங்கி வந்தேன். ஒன்று கல்பாக்கத்தில் எங்கள் ஃபிரிஜ்ஜுக்குள் போயிற்று. இன்னொன்றை அப்பா பித்தளைத் தூக்கில் போட்டு மூடி, பெருமாள் உள் என்கிற பூஜை அறைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். அவர் வீட்டில் ஃபிரிஜ் கிடையாது.

அந்தச் சனிக்கிழமைக்கு உதவியாக இருக்கப் பத்ரி முதல் நாளே செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். நான் காலையில் பூ வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டு ரெபேக்காள் டீச்சர் வந்தாள். காபியோடு ஒரு துண்டு சீஸும் கொடுத்தேன். எங்கள் பிரான்ஸ் பெருமையை எல்லாருக்கும் காட்டித்தானே ஆகவேண்டும்.

அவள் ஒரு கடி கடித்துவிட்டுக் கேட்டாள். "ரொம்ப நல்லாருக்கு. ஆமா, நீங்க இதெல்லாம் சாப்பிடுவீங்களா?"

"ஏன், பால்தானே?"

"பால்தான். ஆனா உறை எதுல போடுவாங்கன்னு தெரியாதா?" அவள் காலேஜில் பால்வளம் படித்தவள். "பால்குடி மறக்காத கன்னுக்குட்டியோட இரைப்பையிலேர்ந்து எடுக்குறது. இப்பல்லாம் வேற மாதிரியும் பண்றாங்க. ஆனா இந்த மலைச் சீஸெல்லாம் பழைய முறைதான்."

"கன்னுக்குட்டிய..."

"அறுத்துத்தான் எடுக்க முடியும்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபியைக் கீழே வைத்தாள்.

அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் அவளை அப்போதே வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. அப்பா வீட்டுக்குப் போன் போட்டேன். முந்தின வாரம் பெய்த மழையில் அந்தப் போன் செத்தது செத்ததுதான், உயிர் வரவில்லை. பூ வாங்கவில்லை, தலையைக்கூட ஒழுங்காக வாரவில்லை. ஓடிப்போய்ப் பஸ் ஏறினேன்.

சதுரங்கப்பட்டினம் தாண்டுவதற்குள் என் மனது எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. அப்பாவுடைய அப்பா கையிலிருந்து வந்த சாளக்கிராமம். அதற்கு முன்னால் இந்தச் சீஸ். அவர் கண்ணை மூடிக்கொண்டு, என் குழந்தைகளுக்குச் சோறு போட்டது என்று சொல்லிக் காட்டுவார். பிறகு என்றைக்காவது அவருக்குத் தெரியவந்தால் அந்த மனுஷர் என்ன ஆவார்? சரி, முன்கூட்டியே சொல்லித் தடுக்கலாம் என்றால், நாங்கள் ஒரு வருஷமாக அதையே தின்றோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கோட்டை விட்டாயிற்று. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் ஒரு வழி தோன்றியது. திருவாராதனப் பூஜை ஆரம்பிப்பதற்குள் போய்விட வேண்டும். யாரும் பார்க்காமல் தூக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொளவாய் ஏரியில் சீஸைக் கொட்டிவிட வேண்டும். எறும்பு மொய்த்துவிட்டது, கைதவறிக் கொட்டிவிட்டது, ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பத்ரிக்குக்கூடத் தெரிய வேண்டாம். என் வயிற்றோடு போகட்டும்.

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது நின்றபடியே இருந்தது. டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்குள் போனவர்கள் வெளியே வரவில்லை. நான் குதித்து இறங்கி ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். ஆட்டோவின் முதுகில் கண்ணாயிரம் என்று பெரிதாக எழுதியிருந்தது.

"இன்னாக்கா இப்டி ஓடியாறே? வூட்ல எதுனா ஆயிப்போச்சா?" என்றார் கண்ணாயிரம்.

"அடுப்புல ஒண்ணு இருக்கு. நான் போய்த்தான் இறக்கணும்."

"கேஸ மூடாமயே வந்துகினியா? அய்ய, இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? குந்து, குந்து!" ஒரு குடும்பமே எரியப் போகிறது என்று நினைத்து அவர் பறந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை கூரையில் இடித்தது. நான் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே போனேன். எந்தப் பெருமாளுக்கு எதிராகக் குற்றமோ அந்தப் பெருமாளையே துணைக்குக் கூப்பிடுகிறோமே என்று நடுவில் வெட்கமாகவும் இருந்தது.

தெருமுனையில் இறங்கும்போதே மணிச் சத்தம் கேட்டது.

உள்ளே ஓடினேன். பெருமாள் உள்ளின் வாசலில் பத்ரி பஞ்சகச்சத்தோடு கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சக்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் வாழை இலை மூடி வரிசையாக இருந்தன. அப்பா தீர்த்தச் சொம்பைக் கையில் எடுத்திருந்தார். ஆணியைப் பார்த்தேன். தூக்கு இல்லை. மூலையில் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

"வாம்மா வல்லி. உன்னைத்தான் பார்த்துண்டிருந்தேன்" என்றார் அப்பா.

"அப்பா, அந்தச் சீஸ்..."

அவர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர்த்துட்டேம்மா. பொங்கல்ல துருவிப் போட்டிருக்கேன். கவலைப்படாதே" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, காட்டுவதற்காகத் திரையை இழுக்கக் கையை நீட்டினார்.

எனக்கு ஏரியும் இல்லை, எறும்பும் இல்லை. திரை மூடுகிற நேரந்தான் இருந்தது. "வேண்டாம்ப்பா! காட்டாதீங்கோ!" என்று கத்திவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கன்றுக்குட்டி, இரைப்பை, ரெபேக்காள், மலைக் கிழவர், ரயில், ரொட்டி. முன்னும் பின்னுமாக, அழுதுகொண்டே. "எங்களுக்குத் தெரியாதுப்பா. ஒரு வருஷமா அதைத்தான் சாப்பிட்டோம்" என்று முடித்தேன்.

பத்ரிக்கும் அந்த நிமிஷந்தான் தெரியும்.

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பொங்கல்ல ஒண்ணும் போடலை."

எனக்குப் புரியவில்லை.

"காலம்பற தூக்கைத் திறந்தேன். நான் மோந்து பார்க்கலை, அதுவா வந்து மூக்குல ஏறித்து. அப்படியொரு நாத்தம். ஊசிப்போச்சுன்னு நினைச்சேன். பத்ரி வாழையிலைக்குப் போயிருந்தப்போ தென்னைமரத்தடியில குழி தோண்டிப் புதைச்சுட்டேன். அவ்வளவு தூரத்துலேர்ந்து நீ ஆசையாத் தூக்கிண்டு வந்தது. நீ ஓடி வந்து கேட்டதும் வாய் தானாச் சொல்லிடுத்து."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு விடுகிற நேரந்தான் இருந்தது. அதற்குள் அடுத்தது உறைத்தது. புதைத்த பண்டத்துக்காக எங்கள் ஒரு வருஷத்தை நானே தோண்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பத்ரி தட்டை நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். அப்புறம் ஓரடி பின்னால் நகர்ந்தார். இன்னும் ஓரடி. கூடத்துச் சுவர் முதுகில் படும்வரை போய் அங்கேயே நின்றார். இனி அந்தப் பெருமாள் உள்ளில் தனக்கு இடமில்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போயிற்று, அழுகைதான் வந்தது.

அப்பாவும் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்கள் இருவரையும் தாண்டிக் கொல்லைப்புறம் போனார். பிராயச்சித்தம் என்பாரா, பஞ்சகவ்யம் என்பாரா, இந்த வீட்டுப் படி ஏறாதே என்பாரா? பின்னாலேயே போனோம். அவர் கிணற்றில் தண்ணீர் இழுத்து, கட்டிய வேஷ்டியோடு தன் தலையில் கொட்டிக்கொண்டார்.

"நீங்க எதுக்குப்பா?" என்றார் பத்ரி.

"பெருமாளுக்கு எதிர்ல நின்னுண்டு பொய் சொன்னேனே. உங்க வாயைக் கட்டச் சொன்னவன் என் வாயைக் கட்டலை" என்றார். "வா, குனி. தளிகை ஆறிண்டிருக்கு."

பத்ரி குனிந்தார். அப்பா அவர் தலையில் வாளியைக் கவிழ்த்தார். சின்னப் பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி காதோரமெல்லாம் கையால் வழித்துவிட்டார். "போய் வேற வேஷ்டி கட்டிண்டு வா. நீதான் மணி அடிக்கணும்" என்று அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு வாளி இழுத்து வைத்தார். நான் புடவையோடு ஊற்றிக்கொண்டேன். பயத்தில் குளிர்கூடத் தெரியவில்லை.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து குடுமியைப் பிழிந்துகொண்டிருந்தார். பத்ரி உள்ளே போய்விட்டாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "வல்லி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்கோப்பா."

"அது... நன்னா இருந்துதா?"

அன்றைக்கு அந்த வீட்டில் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"ரொம்ப நன்னா இருந்துதுப்பா" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் தென்னைமரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கயிற்றைப் பிடித்து, மறுபடியும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.

"அப்போ இன்னொரு வாளி ஊத்திக்கோ" என்றார்.