பாதி வெட்டிய குழி

1

இந்தக் கதை தகர வேலியில் இருந்த ஓட்டை வழியாகக் கிடைத்தது. பேருந்துக்குக் காத்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். மருத்துவமனை கட்டப்போகும் இடம். அஸ்திவாரத்துக்கு முன்னால் தொல்லியல்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் ஒருத்தி வெறும் மண்ணைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: "பல நூற்றாண்டுகள் உறங்கிய மண் அன்று கண்விழித்து..." (மண் உறங்காது. அடித்துவிட்டேன்.)

2

அவள் அகழாய்வுக் குழுவின் தலைவி. கட்டடப் பொறியாளராக அவளுடைய அண்ணனையே போட்டேன். எனக்கு வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு யாரிடம் அவள் இவ்வளவு உரிமையோடு சண்டை போடுவாள்? மத்தியானம் கான்கிரீட் லாரி வருகிறது. அதற்குள் அவள் குழியைக் காலி செய்ய வேண்டும்.

கிடைத்தது பானையோ காசோ இல்லை. வட்ட வட்டமாகக் கறுத்த மண், வரிசையாக. மரத்தூண்கள் நட்ட குழிகள் அவை. மரம் மக்கிப்போய் நிறம் மட்டும் தங்கியிருக்கிறது. ஒரு வீடு நின்ற இடம். ஒரே ஒரு வட்டம் மட்டும் வரிசையை விட்டு விலகியிருந்தது. ஏன் என்று தெரியாமல் எழுந்துபோக அவளுக்கு மனம் வரவில்லை.

"கறைக்காகவா லாரிய நிறுத்தச் சொல்ற? எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ கீழ இறங்கிப் பாருண்ணா."

(இங்கே அண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை.)

3

தூண்குழியை எடுத்த எடுப்பிலேயே முழுதாகத் தோண்ட மாட்டார்கள். ஒரு பாதியை மட்டும் செங்குத்தாக வெட்டி எடுத்து, மறு பாதியை நிற்க விடுவார்கள். தூண் எப்படி நின்றது என்பது அந்த வெட்டுமுகத்தில்தான் தெரியும். விலகியிருந்த வட்டத்தின் வெட்டுமுகத்தை அவள் கொத்துக் கரண்டியால் சீவித் தண்ணீர் தெளித்தாள். கறுப்பு துலங்கியது. நேராக இறங்காமல் சாய்ந்து இறங்கியிருந்தது.

"கோணலா நட்டிருக்கான். அதான் ஏன்னு புரியல."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினான். வெட்டுமுகத்தைப் பார்த்தான். பக்கத்துக் குழியைப் பார்த்தான். முணுமுணுப்பு நின்றது.

"கோணல் இல்லடி, முட்டு! பக்கத்துத் தூண் சாயப் பாத்திருக்கு. முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கான். நானா இருந்தாலும் இதே இடத்துலதான் குடுத்திருப்பேன். கெட்டிக்காரன்யா!"

யாரோ தன் வீட்டை விழவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முட்டுக் கொடுத்தவரை நினைத்து, அண்ணனை நினைத்து, தன்னை நினைத்தும்தான். (எனக்கும் பெருமை. முட்டு என் யோசனை.)

"அளந்து படம் எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"சாயங்காலம் வரைக்கும்."

அண்ணனின் போன் அடித்தது. லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது.

4

முடிவு ஒன்று: லாரி திரும்பிப் போகிறது. (தித்திப்பு ஜாஸ்தி.)

முடிவு இரண்டு: கான்கிரீட் சரிந்து விழ, அவள் வேலியோரம் நின்று... (என்னால் ஆகாது.)

இவ்வளவு மட்டும் உறுதி. இத்தனை வருஷமாக எல்லோரிடமும் "தங்கச்சி மண்ணு நோண்டுறா" என்று சொல்லிவந்தவன், லாரிக்காரரிடம் சத்தமாகச் சொன்னான்: "இங்க ஒரு வீடு இருக்குங்க. கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? என் தங்கச்சி!"

அடுத்து என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். என் பாதியை நான் வெட்டிவிட்டேன். மறு பாதி அப்படியே நிற்கிறது. கரண்டியும் அங்கேதான் கிடக்கிறது. இறங்குங்கள்.