உள்பக்கத்துச் சாவித் துவாரம்

ஷட்டரின் உள்பக்கத்தில் நான்கு ஸ்க்ரூக்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. ஏன் என்று ரபீக்குக்கு விளங்கவே இல்லை.

பழைய ஸ்க்ரூவின் தலையில் உள்ள வெட்டுக்குள் தூசியும் துருவும் சேர்ந்து கறுத்துப் போயிருக்கும். திருப்புளியை வைத்துத் திருப்பினால் அந்தத் துரு உரிந்து, அடியில் உள்ள இரும்பு மின்னும். கொஞ்ச நாளில் மறுபடி மங்கிவிடும். இன்னும் மின்னுகிறது என்றால், சமீபத்தில் யாரோ அவற்றைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ரபீக் கழற்றவில்லை. கடையில் பொருள் ஒன்றும் குறையவில்லை. திருட வந்தவன் கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப ஒழுங்காக மாட்டிவிட்டுப் போவானா?

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ரபீக்கின் கடை பூட்டு, தாழ்ப்பாள், கீல், குழாய் எல்லாம் விற்கிற கடை. பூட்டு என்றால் அவனுக்கு உயிர். யாராவது பூட்டு கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். உள்ளே குட்டிக் குட்டி ஊசிகள் எப்படி நிற்கின்றன, சரியான சாவி நுழைந்தால் எப்படி எல்லாம் ஒரே கோட்டுக்கு வருகின்றன என்று ஆரம்பித்துவிடுவான்.

"பாய், பூட்டு வாங்க வந்தவன் பூட்டு செய்யக் கத்துக்கினு போறான்" என்பார் எதிர் டீக்கடை தங்கதுரை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் டீ கொண்டுவந்த தங்கதுரைதான் பேச்சுவாக்கில் கேட்டார்: "இன்னா பாய், போன செவ்வாக்கெழமை மலைக்குப் போவலையா? ஷட்டரு இடுப்பளவு தொறந்து கெடந்துச்சே?"

"போனேனே! வெள்ளிமலையில இல்ல இருந்தேன்?"

"தங்கச்சி நின்னுக்கினு இருந்துது. டீ வேணுமாம்மான்னு கேட்டேன். வேணாம்ணே, சும்மா ரோட்டப் பாக்குறேன்னுது."

ரபீக்கின் கையில் டீ ஆறிப்போனது.

அவனுடைய வீடு கடைக்குப் பின்னால். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, முன்னால் கடை, நடுவில் ஓர் அறை, கடைசியில் அடுப்படி. மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். வெளியே போக ஒரே வழி ஷட்டர்தான். செவ்வாயும் வியாழனும் கல்வராயன் மலைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ரபீக் காலை பத்து மணிக்குக் கிளம்புவான், நாலு மணிவாக்கில் திரும்புவான். கடையை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாதே. ஷட்டரை இறக்கிச் சாவியைத் திருப்புவான். திருப்பியதும் பூட்டிலிருந்து இரண்டு கம்பிகள் இடமும் வலமும் நீண்டு, ஓரத்து இரும்புத் தடத்தில் உள்ள துளைகளில் போய் உட்காரும். சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் ஒரு தகட்டு மூடி, அதில் நான்கு ஸ்க்ரூ.

உள்ளே அவன் மனைவி ஷாஜியா இருப்பாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

பகல் இரண்டு மணிக்கு, சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள் ஷாஜியா. பக்கத்தில் அவளுடைய புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அவள் தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்தாள். இது கடைசி வருஷம். ஓர் அமெரிக்க நாவல். அதில் வரும் சுதந்திரத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதித் தர வேண்டும். கதையை அவள் ரபீக்குக்கே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது: ஓர் அடிமை தப்பித்து ஆற்றோடு தெப்பத்தில் போகிறான். பயந்து, ஒளிந்து, பட்டினி கிடந்து. கடைசியில் பார்த்தால் அவனுடைய எஜமானி சாகும்போதே அவனை விடுவித்து எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு மாதமாக அவனிடம் அதை யாரும் சொல்லவில்லை. கதை இவ்வளவு தெரிந்தவளின் தாள் ஒரு மாதமாக வெள்ளையாகவே இருந்தது.

ரபீக் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ஷட்டரு ஸ்க்ரூவ நீயா கழட்டுன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங்க."

"எத்தினி தபா?"

"மூணு தபா."

"எந்தத் திருப்புளி?"

"பச்சைப் பிடி போட்டது."

"அது பெருசாச்சே! தலை கெட்டுப் போவுமே."

"கெடல. நல்லா அழுத்திப் புடிச்சிக்கினு மெதுவாத்தான் திருப்புனேன். போய்ப் பாருங்க."

பார்த்திருந்தான். கெடவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒரு பெருமை வந்து நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீரைக் குடித்தான்.

"தொறந்து எங்க போன?"

"எங்கியும் போவல. அதான் கொடுமை." அவள் ரசத்தை ஊற்றினாள். "இந்த வருசம் செவ்வாக்கெழமை ரெண்டு மணிக்கு காலேஜுல நேர்ல வர்ற வகுப்பு வெச்சிட்டாங்க. மூணு விட்டுட்டேன். நாளைக்கும் விட்டா ஹால் டிக்கெட் கெடையாது."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா? மலைக்குப் போற நாளையே மாத்தியிருப்பேனே!"

"மாத்துவீங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் இன்னா?"

அவள் சோற்றுப் பானையை மூடினாள்.

"மூடியக் கழட்டி, கம்பிய கையால இழுத்தேன். ஷட்டரு ஏறிடிச்சி. ரோடு தெரிஞ்சிது. கால எடுத்து வெச்சேன். அப்பறம்தான் தோணிச்சி, வெளிய வந்து ஷட்டர எறக்குனா அது பூட்டாது, சாவி உங்ககிட்ட இருக்கு. கடை பூரா சரக்கு. எப்டி உட்டுட்டுப் போவ? கொஞ்ச நேரம் நின்னுட்டு, எறக்கி, எல்லாத்தயும் மாட்டிட்டேன். தொறக்க முடிஞ்சிது. போவ முடியல."

"நா கடையத்தான் பூட்டுனேன் ஷாஜியா. உன்ன இல்ல."

"தெரியும்ங்க. ஒம்போது வருசமா நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ரபீக் எழுந்து கை கழுவினான். கழுவிக்கொண்டே யோசித்தான். அவனுக்கு எதையும் அப்படித்தான் யோசிக்க வரும், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து.

"அக்கா மகன் சுஐப்ப கடையில உக்கார வெச்சிட்டுப் போறேன்."

"அப்ப வெளிய போறதுக்கு சுஐப் கிட்ட சொல்லணும்."

"சாவிய தங்கதுரை கிட்ட குடுத்துடறேன். நீ போன் போட்டா வந்து தொறப்பாரு."

"இப்ப தங்கதுரை அண்ணன் கிட்ட சொல்லணும்."

"டூப்ளிகேட் சாவி வெட்டித் தரேன்!"

"உள்ள எங்க போடறது அத? தினம் நாலு ஸ்க்ரூ கழட்டி மாட்டிக்கினு காலேஜ் போவச் சொல்றீங்களா?"

ரபீக் நின்றுவிட்டான். மூன்று வழி சொன்னான். மூன்றிலும் பூட்டு திறந்தது. மூன்றிலும் அவள் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் திருப்புளி பிடிக்க வேண்டியிருந்தது. நாவலில் வந்த அந்த ஆள் ஞாபகம் வந்தான். காகிதத்தில் விடுதலை ஆனவன். அது தெரியாமல் ஒளிந்து ஒளிந்து போனவன்.

"நா எப்பவாச்சும் போவாதேன்னு சொன்னேனா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்லீங்க. 'போ'ன்னும் சொல்ல வேண்டியதில்லாம இருக்கணும்."

ரபீக் கடைக்குள் போனான். ஏணி போட்டு மேல்தட்டில் ஏறினான். தூசிக்குள் துழாவி, ஆறு வருஷமாக யாரும் வாங்காத ஒரு பெட்டியை இறக்கினான். கம்பெனிக்காரன் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் சாவித் துவாரம் உள்ள ஷட்டர் பூட்டு, கூடவே இரண்டு சாவி. அன்றைக்கு அவனே கேலி செய்திருக்கிறான்: உள்பக்கம் எவனுக்கய்யா துவாரம் வேணும்?

"பச்சைப் பிடி திருப்புளிய எடு" என்றான்.

"பெருசுன்னீங்களே?"

"உன் கைக்கு அதான் பழகியிருக்கு. நீயே கழட்டு."

அவள் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினாள். அவன் புதுப் பூட்டைத் தாங்கிப் பிடித்தான். கம்பி சரியாகத் துளையில் உட்காருகிறதா என்று உள்ளிருந்து அவளும் வெளியிலிருந்து அவனுமாக நாலைந்து முறை திருப்பிப் பார்த்தார்கள். இரும்புக்கு நடுவில் இரண்டு பேரும் குரல் கொடுத்துக்கொண்டார்கள். "இப்ப?" "இப்ப சரி."

மறுநாள் ரபீக் வெறுமனே ஷட்டரை இறக்கிவிட்டு மலைக்குக் கிளம்பினான். பின்னால் உள்ளிருந்து சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. வெள்ளிமலையில் சரக்கு இறக்கும்போது மணி இரண்டு. அவன் காரணமில்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நாலு மணிக்குத் திரும்பினால் கடை பூட்டிக் கிடந்தது. பையைத் துழாவினான். சாவி இல்லை. காலையில் தான் பூட்ட வேண்டிய வேலை இல்லாததால், உள்ளே ஆணியிலேயே அதை விட்டுவிட்டான்.

"பாய், வூட்டம்மா பூட்டிக்கினு போயிட்டாங்க" என்றார் தங்கதுரை, சிரிப்பை அடக்காமல். "உங்ககிட்ட சொல்லல? வாங்க, உக்காருங்க. எதிர்க்க இருந்து உங்க கடைய நீங்களே பாத்ததில்லையே."

ரபீக் டீ குடித்துக்கொண்டு தன் கடையைப் பார்த்தான். யாராவது வந்து திறந்தால்தான் தன் வீட்டுக்குள் போக முடியும் என்பது எப்படி இருக்கும் என்று இருபது நிமிஷம் தெரிந்துகொண்டான்.

தெருமுனையில் ஷாஜியா வந்தாள். கையில் புத்தகம், வெயிலில் சிவந்த முகம். அவனைப் பார்த்ததும் நடையை வேகமாக்கினாள், பிறகு என்ன நினைத்தாளோ, பழைய வேகத்துக்கே வந்தாள்.

"வெளியவே நிக்கிறீங்க?"

"சாவி உள்ள இருக்கு."

"அய்யய்யோ! ரொம்ப நேரமா?"

"கம்மிதான். ஒம்போது வருசம் இல்ல."

அவள் பையிலிருந்து தன் சாவியை எடுத்துத் திருப்பினாள். கம்பிகள் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன.

அன்று சாயங்காலமே அவள் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தாள். ரபீக் ஆணியில் தொங்கிய தன் சாவியை எடுத்து வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்தான். இப்போது சரியாக வேலை செய்கிறது: பூட்டு ஒன்று, துவாரம் உள்ளே ஒன்று வெளியே ஒன்று, சாவி ஆளுக்கு ஒன்று. யார் வேண்டுமானாலும் உள்ளிருந்து திறந்து, வெளியே வந்து, அதே சாவியால் பூட்டிக்கொண்டு போகலாம்.