சாசேஜ் பொட்டலத்து ரூக்கி

உயிலில் கார்டுகளைப் பற்றி இருந்தது மூன்றே வரி. ரூக்கி கார்டுகள் எல்லாம் மகன் ரூடிக்கு. மற்றவை எல்லாம் மகள் ஜெரிக்கு. எது ரூக்கி என்று பிள்ளைகளுக்குள் தகராறு வந்தால் பழைய சிநேகிதன் எமில் பாவ்லிக் சொல்வதே முடிவு.

வீட்டையும் வங்கியில் கிடந்ததையும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்த லூயி செர்னி, ஆட்டக்காரர் படம் அச்சடித்த பேஸ்பால் கார்டுகளுக்கு மட்டும் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மூன்று பேரும் கிளீவ்லேண்டை ஒட்டிய பார்மாவில் இருந்த வீட்டின் பேஸ்மென்ட்டில் அவருடைய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஆட்டக்காரனுக்கு வந்த முதல் கார்டுதான் ரூக்கி என்பதால் பிரிப்பது சுலபமாகவே இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் கார்டுகளும் மதியத்துக்குள் இரண்டு குவியலாகிவிட்டன. ஒரே ஒரு கார்டில் வந்து வண்டி நின்றது.

லெஸ் கார்மடி, 1954. அந்த வருஷம் புகையில் வாட்டிய சாசேஜ் விற்கிற ஒரு கம்பெனி, பொட்டலத்துக்குள் கார்டு வைத்து விற்றது. கிளீவ்லேண்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மட்டும்தான் கிடைத்தது. நாடு முழுக்க விற்ற பபிள்கம் கார்டில் கார்மடியின் முகம் வந்தது அடுத்த வருஷம். அப்படியானால் எது அவன் ரூக்கி? லூயி சாசேஜ் கார்டு என்பார். எமில், நாலு ஊரில் மட்டும் கிடைத்தது கணக்கில் சேராது, பபிள்கம் கார்டுதான் ரூக்கி என்பார். கார்டு சேகரிப்பவர்களின் கிளப்பில் இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் இதற்காகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு இதற்காகவே பேசாமல் இருந்ததும் உண்டு.

எட்டு வயது ஜெரி அந்தக் கோடை முழுக்க சாசேஜ் தின்றுதான் கார்மடியைப் பிடித்துக் கொடுத்தாள். அந்த உரிமையில் அவள் கேட்கிறாள் என்று ரூடி நினைத்துக்கொண்டிருந்தான். பாவம் அவன். ஜெரிக்கு அந்தக் கார்டு வேண்டியதே இல்லை. அது அண்ணன் கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஏனென்றால் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது கார்மடியே இல்லை. கார்டுச் சந்தையில் ஒரு டாலருக்கு விற்கிற நகல்.

நிஜக் கார்டை ஜெரி 1984 மார்ச்சில் விற்றுவிட்டாள். புருஷன் டென்னி குடித்துவிட்டு வண்டியை ஒருவன் மேல் ஏற்றி ஜெயிலில் கிடந்தான். அந்தக் காசில்தான் அவனை ஜாமீனில் எடுத்தாள். வெளியே வந்தவன் ஒன்பதாவது நாள் ஊரைவிட்டே ஓடிப்போனான். நகலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நகல் என்ற வார்த்தையைச் சுரண்டி, பொட்டலத்துக் கறை மாதிரி தெரியப் பன்றிக் கொழுப்பைத் தடவி, உறைக்குள் வைத்தாள். அந்தக் காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வாந்தி வரும்.

"செவ்வாக்கிழமை நியூயார்க்லேருந்து ஏலக் கம்பெனி ஆள் வர்றான்," என்றான் ரூடி. "பூதக்கண்ணாடியும் கையுமா உக்காந்து ஒவ்வொண்ணா பாப்பானாம். கார்மடி இல்லாம போனா எனக்கு அசிங்கம். இருக்குன்னு சொல்லிட்டேன்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜெரி சுரண்டிய இடம் தெரிந்துவிடும். ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. தீர்ப்புச் சொல்லப்போகிறவர் எமில் மாமா. அவர் இருபத்தைந்து வருஷம் என்ன சொன்னாரோ அதையே இன்னொரு தரம் சொன்னால் போதும்.

"நீங்க சொல்லுங்க மாமா. நாலு ஊர்ல வித்தது ரூக்கியா?"

எமில் கோப்பையைக் கீழே வைத்தார். எழுபத்தாறு வயது. கிளப்பில் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"என்னைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன், கண்ணு. சாகுற வரைக்கும் சொல்லுவேன். ஆனா உயில் என்னுது இல்லையே. ரூக்கின்னு எழுதினவன் லூயி. அவன் மனசுல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதைத்தானே நான் பாக்கணும். செத்தவன் வாயில என் பேச்சைத் திணிச்சா நான் மனுஷனா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் ரூடி.

நேர்மை வந்து தொலைக்கிற நேரத்தைப் பாருங்கள். ஜெரி விடாமல், எமில் கிளப்பில் அடுக்கிய வாதங்களையெல்லாம் அவரிடமே அடுக்கினாள். நாட்டில் பாதிப் பேர் கண்ணிலேயே படாத கார்டு எப்படி முதல் கார்டாகும்? சாசேஜ் கார்டைக் கணக்கில் சேர்த்தால் ரொட்டிக் கடைக்காரன் அச்சடித்ததையும் சேர்க்க வேண்டாமா? அப்புறம் இதற்கு முடிவு எங்கே?

"அப்பா பேச்சை நீயே வெட்டிப் பேசுறியா?" ரூடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு கேட்டிருந்தா சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு."

"எனக்கு அது வேணும் ரூடி. மத்ததெல்லாம் நீயே எடுத்துக்கோ. என் குவியலையும் சேர்த்து எடுத்துக்கோ. இது ஒண்ணை மட்டும் விட்டுடு. உன் கால்ல வேணா விழறேன்."

அவள் குரல் உடைந்த விதத்தில் ரூடியின் சிரிப்பு நின்றது. ஆனால் அவன் பிடியை விடவில்லை. எமில்தான் எழுந்தார்.

"எதுக்கு வாய்ச் சண்டை? லூயி ஒவ்வொரு கார்டுக்கும் அட்டையில எழுதி வெச்சிருப்பான். அதைப் பாத்துடலாம்."

சுவரோரம் மர இழுப்பறையில் லூயியின் குறிப்பு அட்டைகள் இருந்தன. கார்டுக்கு ஒரு அட்டை. ஆட்டக்காரன் பேர், வருஷம், எங்கே கிடைத்தது, எல்லாம் பென்சிலில். பட்டியல் என்றைக்கும் மாறும், பேனாவால் எழுதுகிறவன் முட்டாள் என்பார் அவர். ரூக்கியாக இருந்தால் மேல் மூலையில் ஆர் என்று ஒரே ஆங்கில எழுத்து. அதைப் பார்த்தால் விஷயம் முடிந்தது. ஜெரிக்கு அந்த ஆர் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அவள் போட்ட எழுத்து அது, கொஞ்சம் கோணல். முடிந்தது, செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்பாவிடமே திருடினவள் என்று.

எமில் அட்டையை உருவினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடிச்சிருக்கான்," என்றார்.

"என்னது?"

"ஆரை அடிச்சிருக்கான். பக்கத்துல தேதி போட்டிருக்கான். எண்பத்து நாலு, மார்ச் பதினொண்ணு." எமில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வருஷத்துலேருந்துதான் கார்மடிக்காக என்கூட சண்டை போடறதை விட்டான். என்மேல சலிச்சுப்போயிட்டான்னு நெனச்சேன். அதுக்காக அழுதுகூட இருக்கேன், தெரியுமா? கடைசியில நான் சொன்னதை ஒத்துக்கிட்டிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு, பிடிவாதக்காரன்."

"அப்பவே மூளை கலங்க ஆரம்பிச்சிருக்கு," என்றான் ரூடி. தோற்ற கடுப்பு அவனுக்கு. "சுயபுத்தி இருந்தா அவராவது இதை அடிக்கறதாவது."

எமில் கார்டை ஜெரி பக்கம் தள்ளினார். "உன்னுதுதான், கண்ணு. அடுத்த மாசக் கிளப் இதழ்ல எழுதப்போறேன். லூயி செர்னி தோல்வியை ஒத்துக்கிட்டான்னு." சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஜெரி கார்டைக் கையில் எடுத்தாள். பிழைத்துவிட்டாள். இனி அவளாகச் சொன்னால் ஒழிய ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் பதினொன்று ஞாயிற்றுக்கிழமை. நகலை அவள் உறைக்குள் வைத்தது சனிக்கிழமை. அந்தக் கார்டை அப்பா ஞாயிறுதோறும் வெளியே எடுத்து மூக்கருகில் வைத்து முகர்வார். பொட்டலத்துக்குள் கிடந்த கார்டுக்கு முப்பது வருஷமானாலும் அந்தப் புகை வாசனை போகாது. ஒரே நாளில் கண்டுபிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் முகர்ந்ததை அவள் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஐந்து வருஷம் ஞாயிறுதோறும் எதிரே உட்கார்ந்து அவளுக்குச் சூப்பு ஊற்றினார். டென்னியைப் பற்றிக்கூட ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் கார்டு அவள் கைக்கே வந்து சேர வேண்டும் என்று, வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த ஒரே வாதத்தை அடித்துப் போட்டுவிட்டு, தன்னை எதிர்த்தே பேசுகிற ஆளைத் தேடிப்பிடித்து உயிலில் தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த மனுஷனுக்குத்தான் மூளை கலங்கிவிட்டதாம். தோற்றுவிட்டாராம். அடுத்த மாதம் அச்சிலேயே வந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அவளுக்குள் ஒன்று கெஞ்சியது. அவள் உறையைப் பிரித்தாள்.

"அப்பா தோக்கலை, மாமா. இதை மோந்து பாருங்க."

எமில் முகர்ந்தார். புகை வாசனை துளியும் இல்லை. கார்டைத் திருப்பி, சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். அவர் முகம் சாம்பலாகிப் போனது. கார்டை ரூடியிடம் நீட்டினார்.

ரூடியும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "டென்னிக்காகவா?" என்று கேட்டான்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவன் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல் படியேறிப் போனான். மேலே வாசல் கதவு சாத்துகிற சத்தமும், கார் கிளம்புகிற சத்தமும் கேட்டன. இனி அவன் அவளோடு பேசுவானா என்பது சந்தேகம்தான்.

"இப்போ இந்த அட்டையை என்ன பண்றது?" என்றார் எமில். "இப்படியே விட்டா அவன் என்கிட்ட தோத்த மாதிரி ஆயிடும். எனக்கு அந்த ஜெயிப்பு வேணாம்."

மேஜை மேல் அப்பாவின் ரப்பர் கிடந்தது. ஜெரி அதை எடுத்து அந்த அடித்த கோட்டின் மேல் தேய்த்தாள். அவள் போட்ட கோணல் எழுத்துதான் முதலில் மங்கியது. கோடு அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள், அட்டை கிழிகிற வரைக்கும்.

"விடு கண்ணு, போகாது," என்றார் எமில். "பேனாவால அடிச்சிருக்கான்."