இடுக்கிகிட்ட போ அக்கா

கம்பெனிகளுக்குப் பத்திரம் எழுதியே பேர் வாங்கிய வக்கீல் அவர். கோர்ட் படி ஏறுவதில்லை. இரண்டு முதலாளிகள் கைகுலுக்கினால் நடுவில் இவர் எழுதிய தாள் இருக்கும். அந்த வித்தையை முதன்முறையாக ஏழைபாழைகளுக்கென்று எடுத்தது தன் அக்காவுக்காகத்தான். அக்கா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். முதலாளி கூடத்தை மூடப்போகிறார் என்றதும், அங்கே வேலை செய்த பெண்களையே சமபங்குக்காரர்களாக்கிக் கம்பெனியாகப் பதிந்து கொடுத்தார். பீஸ் வாங்கவில்லை. அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

ஒருநாள் காலை அவருடைய பழைய கட்சிக்காரரான ஓட்டல் முதலாளி வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சலவைக்கூடத்தை வளைக்கணும் சார். பொம்பளைங்க நடத்துறது. ஒவ்வொருத்தியா பேசி பங்கை வாங்கிட்டா போதும். பாதிக்கு மேல கைக்கு வந்ததும் மத்தவங்கள வீட்டுக்கு அனுப்பிடலாம். வெளியாளுக்கு விக்கக்கூடாதுன்னு பத்திரத்துல ஒரு வரிகூட இல்ல. எவனோ அரைகுறை எழுதியிருக்கான்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அரைகுறை அவர்தான். முதலாளிகளுக்கு எழுதி எழுதிப் பழகிய கை. நினைத்தபோது விற்றுவிட்டுக் கிளம்பும் வசதியைத்தான் அவர்கள் கேட்பார்கள். அதே மாதிரியை யோசிக்காமல் இவர்களுக்கும் போட்டுவிட்டார். விற்றுவிட்டு இந்தப் பெண்கள் எங்கே போவார்கள்?

"அது நான் எழுதினது. இந்த வேலையை என்னால எடுக்க முடியாது," என்றார்.

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "சரி, வேற ஆளைப் பாத்துக்கறேன். ஆனா இங்க பேசினது இங்கயே இருக்கணும்."

இருக்கத்தான் வேண்டும். கட்சிக்காரர் சொன்னதைக் கூடப்பிறந்தவளிடமே சொன்னாலும் சொன்னவன் வக்கீல் இல்லை. சொல்லவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் சலவைக்கூடத்துக்குப் போனார். ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. அக்கா ஒரு படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே உங்க கம்பெனிக்கு நான் வக்கீல் இல்ல. வேற ஆளை வெச்சுக்கோங்க. இன்னைக்கே."

"ஏண்டா, என்னாச்சு?"

"சொல்ல முடியாது."

"ஓசி வேலை கசந்துபோச்சு. அதானே?"

"இடுக்கிகிட்ட போ அக்கா."

இடுக்கி ஒரு வக்கீலம்மா. பிடித்தால் விடமாட்டார், அதனால் அந்தப் பேர். இவரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இவர் எழுதிய தாள் கிடைத்தால் ஒரு புள்ளி விடாமல் குற்றம் தேடுவார்.

"உன்னைக் கரிச்சுக் கொட்டுற அந்தம்மாகிட்டயா?"

"அவங்ககிட்டயேதான்."

ஓர் ஆளைக் கைகாட்டுவதும் ரகசியத்தை உடைப்பதில் சேருமா என்று வழியெல்லாம் யோசித்தார். விடை தெரிந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா அவர் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஓட்டைப் பத்திரம்டா நீ எழுதினது! யார் வேணும்னாலும் உள்ள பூந்திருக்கலாமாம். அந்தம்மா படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாங்க எல்லாரும் கூடி உக்காந்து மாத்திட்டோம். இனிமே பங்கை வித்தா எங்களுக்குள்ளயேதான். நேத்து ஓட்டல்காரன் ஆளு பல்லைக் காட்டிக்கிட்டு வந்தான். வந்த வழியே போனான். உன்னை நம்பியிருந்தா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்!"

அவருக்குச் சுருக்கென்றது. நிம்மதியில் கண்ணும் கலங்கியது.

"தப்புதான்க்கா."

"கெட்டிக்காரன், கெட்டிக்காரன்னு ஊரெல்லாம் சொன்னேனே, என் வாயிலயே போட்டுக்கணும். இனிமே உன் பேச்சையே எடுக்கமாட்டேன்."

இடுக்கியிடம் ஏன் அனுப்பினேன் என்ற பதில் அவர் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, கோபமாக நடந்த அக்காவின் பின்னால் தெருமுனை வரை போனார்.